வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்தச் சொல்லும் அம்மாக்களுக்கு

அக்கா கார் வாங்கப் போகிறாள். ஏழு வருடங்களாக ஓட்டிய சின்ன ஹேட்ச்பேக் இனிக் குடும்பத்துக்குப் போதாது. பெரியவளுக்கு ஐந்து வயது. இரண்டாவது குழந்தை தை மாதம் பிறக்கவிருக்கிறது. அப்பா போன பிறகு அம்மாவும் அவர்களோடுதான் இருக்கிறார். ஆக ஐந்து பேர். ஊருக்குப் போகும்போது துணிமணி, திரும்பும்போது அரிசி, புளி, முருங்கைக்காய்.

மாமா டிசையர் போதும் என்கிறார். நண்பர்கள் எஸ்யூவி வாங்கச் சொல்கிறார்கள். அக்காவின் ஆசை வேறு. "டிக்கி பெருசா இருக்கணும், புள்ளைங்களுக்குப் பாதுகாப்பா இருக்கணும். அதோட ஓட்டும்போது எனக்கும் நல்லா இருக்கணும்டா. மிதிச்சா போவணும்" என்றாள். அவள் மனதில் இருப்பது டர்போ இன்ஜின் வைத்த ஒரு செடான். வெர்னாவா, விர்ட்டஸா, ஸ்லாவியாவா என்பதுதான் அவளுக்குக் கேள்வி.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "இத ஊருக்கு எடுத்தாந்தா எங்க நிறுத்துவ?" பதிலையும் அவரே சொன்னார். "ரோட்டு மேலயே, புளியமரத்தாண்ட நிறுத்திட்டு நடந்து வந்துடுங்க. தெருவுக்குள்ள வேணாம்."

திண்டிவனத்தைத் தாண்டி இருக்கும் எங்கள் ஊரில், மெயின் ரோட்டிலிருந்து காலனிக்கு வர வேண்டுமென்றால் ஊர்த் தெருவுக்குள் புகுந்துதான் வர வேண்டும். வேறு வழி இல்லை. இது எங்கள் ஊருக்கு மட்டுமான அமைப்பு அல்ல என்பது இதை வாசிக்கும் பலருக்கும் தெரியும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. சொல் போகும். தெரு அதே இடத்தில்தான் இருக்கும். அந்தத் தெரு வழியாகத்தான் அக்காவின் வண்டி வர வேண்டும்.

அம்மாவின் பயத்தைக் கிண்டல் செய்ய நான் தயாராக இல்லை. அதற்கு வரலாறு இருக்கிறது. 1930-31இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் நம் மக்கள் மீது தடைப்பட்டியல் ஒன்றை விதித்தார்கள். மக்கள் தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். தங்க நகை போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது என்று நீளும் அந்தப் பட்டியலில், எதற்காகவும் எந்த வாகனத்தையும் பயன்படுத்தக் கூடாது என்பதும் ஒன்று. கல்யாணத்துக்குப் பல்லக்கு வேண்டுமென்றால் வீட்டுக் கதவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போக வேண்டுமாம். அதே மாவட்டத்தில் பேருந்துகளில் நம் மக்களை ஏற்ற மறுத்த முதலாளிகளை, மாவட்டக் கழகத் தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார் உரிமத்தை ரத்து செய்வேன் என்று சொல்லித்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

அதெல்லாம் பழைய கதை என்று சொல்ல முடியுமா? 1995இல் கொடியன்குளத்தில் நுழைந்த காவல்துறை, வெளிநாட்டில் உழைத்த காசில் மக்கள் சேர்த்திருந்த பொருள்களைத் தேடித் தேடி உடைத்தது. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியில் வீடுகளோடு வாகனங்களும் எரிந்தன. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டியதற்காகவே கைகளில் வெட்டினார்கள் என்று ஒரு தலித் கல்லூரி மாணவரின் குடும்பம் புகார் கொடுத்தது. வடக்கே, குதிரை ஏறிய மாப்பிள்ளைகள் இன்றும் அடிபடுகிறார்கள். நாம் நடப்பதில் சாதிக்கு அவ்வளவு சிக்கல் இல்லை. உட்கார்ந்துகொண்டு போவதில்தான் சிக்கல். அதிலும் அவர்களைவிட வேகமாகப் போவதில்.

எனவே "எந்தக் கார் வாங்கலாம்" என்ற கேள்வியை மற்றவர்கள் கேட்பது போல நம் குடும்பங்கள் கேட்பதில்லை. மைலேஜ், விலை, மாதத் தவணை எல்லாம் கேட்டு முடித்த பிறகு, யார் கண்ணில் படும், யாருக்கு உறுத்தும், எங்கே நிறுத்துவது என்று இன்னொரு கணக்கும் போடுகிறோம்.

இந்த இடத்தில் என் முற்போக்கு நண்பர்கள் குறுக்கிடுவார்கள். போன வாரம் விடுதி டீக்கடையில் ஒரு தோழர் சொன்னார்: "நாலு பேர் போக ஒரு வண்டி வேணும், சரி. அதுல என்ன ஸ்போர்ட்டி? இதெல்லாம் நுகர்வு மயக்கம் இல்லையா?" அவர் தாத்தா காலத்திலிருந்தே வீட்டில் கார் இருந்திருக்கிறது. அவருக்கு அது அலுத்துப்போன பொருள். அலுத்துப்போனதைத் துறப்பது எளிது. பயன்படுத்தவே கூடாது என்று தடுக்கப்பட்டதைத் துறக்கச் சொன்னால், அது தடையைத் தொடரச் சொல்வதாகத்தான் நமக்குக் கேட்கும்.

அண்ணல் அம்பேத்கர் கோட்டும் சூட்டும் அணிந்ததை நாம் கொண்டாடுகிறோம். ஊருக்கு ஊர் நிற்கும் சிலைகளில் அவர் கோட்டோடுதான் நிற்கிறார். ஏழை மக்களின் தலைவருக்கு எதற்குக் கோட்டு என்று நாம் கேட்பதில்லை. அவருக்கு எது பொருந்துமோ அதை அணிந்தார், நன்றாக அணிந்தார். 'தேவைக்கு மட்டும்' என்ற அளவுகோலை நம் மீது வைப்பவர்களுக்கு அந்தக் கோட்டுதான் பதில். அக்கா உழைத்து, தேர்வு எழுதி, வங்கியில் அதிகாரியாகி, வாரம் ஐந்து நாள் செங்கல்பட்டுக்குப் போய் வருகிறாள். ஒரு நல்ல இன்ஜின் தரும் மகிழ்ச்சி அவளுக்கு உரியது. அதற்கு அவள் யாரிடமும் விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் கட்டுரை வெறும் கெத்துப் பேச்சாக முடிந்துவிடும். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று நமக்குக் கிடைக்கும் நினைவுக் குறிப்புகளில் அம்பேத்கர் இரண்டு வண்டிப் பயணங்களைச் சொல்கிறார். இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

முதலாவது 1901இல். சிறுவன் பீமராவும் உடன் வந்த பிள்ளைகளும் அப்பாவைப் பார்க்க கோரேகானுக்குக் கிளம்பி, மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். என்ன சாதி என்று தெரிந்ததும் எந்த மாட்டு வண்டிக்காரரும் ஏற்றவில்லை. கடைசியில் இரட்டிப்புக் கூலிக்கு ஒருவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் வண்டியைப் பிள்ளைகள்தான் ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். தீட்டு ஒட்டக் கூடாது அல்லவா.

இரண்டாவது 1929இல். அப்போது அவர் பாரிஸ்டர், பம்பாய் சட்டமன்ற உறுப்பினர், அரசுக் குழு ஒன்றின் உறுப்பினராக விசாரணைக்குப் போய்த் திரும்பும் வழி. சாலிஸ்கானில் நம் மக்கள் வரவேற்கிறார்கள். குதிரை வண்டிக்காரர்கள் அவருக்கு வண்டி ஓட்ட மறுக்கிறார்கள். தங்கள் தலைவரை நடக்கவைக்க அந்த மக்களுக்கு மனம் ஒப்பவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, தங்களில் ஒருவரையே ஓட்டச் சொல்கிறார்கள். அவருக்கு ஓட்டிப் பழக்கம் இல்லை. பாலத்தில் சக்கரம் சிக்கி, அம்பேத்கர் தூக்கி எறியப்படுகிறார். கால் எலும்பு முறிகிறது.

கண்ணியத்தைக் காக்க எடுத்த முடிவு, பாதுகாப்பைக் கோட்டைவிட்டது. இதை அந்த எளிய மக்கள் மீதான குற்றச்சாட்டாக அவர் எழுதவில்லை, நானும் சொல்லவில்லை. குற்றம் ஓட்ட மறுத்தவர்களுடையது. ஆனால் நமக்கு அதில் ஒரு பாடம் உண்டு. வண்டி ஏறுவது உரிமை என்றால், அதை நன்றாக ஓட்டத் தெரிந்திருப்பதும், அதில் ஏறும் உயிர்களைக் காப்பதும் அதே உரிமையின் மறுபாதி. அக்காவின் கார் பற்றி நான் யோசிப்பது இந்த இடத்திலிருந்துதான்.

வேகமான செடான், வளரும் குடும்பத்துக்குப் பொருந்துமா? பொருந்தும். எஸ்யூவியைவிடச் செடான் தாழ்வாக அமர்ந்திருப்பதால் வளைவில் குறைவாகச் சாய்கிறது. குழந்தைகளுக்குக் குமட்டல் வராமலிருக்க அதுவும் உதவும். வெர்னாவின் 1.5 லிட்டர் டர்போ இன்ஜின் 160 பிஎஸ் திறன் தரும். விர்ட்டஸிலும் ஸ்லாவியாவிலும் உள்ள 1.5 லிட்டர் இன்ஜின் 150 பிஎஸ். முன்னால் போகும் லாரியைத் தாண்டும்போது எதிர்ப் பாதையில் நிற்கும் நேரம் குறைகிறது. அந்தத் திறனின் நியாயமான பயன் அதுதான். மூன்றுக்கும் டிக்கி 500 லிட்டருக்கு மேல். தள்ளுவண்டியும் அரிசி மூட்டையும் சேர்ந்தே போகும். மூன்றுமே 2023இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கும் குழந்தைகள் பாதுகாப்புக்கும் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை.

எதிர்க் கணக்கும் உண்டு. இவை நான்கு மீட்டருக்கு மேல் நீளம். 2025 செப்டம்பர் மாற்றத்துக்குப் பிறகு இவற்றுக்கு ஜிஎஸ்டி 40 விழுக்காடு. நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய பெட்ரோல் கார்களுக்கு 18. மாமா சொல்லும் டிசையர் இந்த இரண்டாம் வகை. புதிய டிசையரும் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியதுதான். நம் குடும்பங்களில் சம்பளம் ஒருவருடையது, செலவு ஒரு தெருவினுடையது. தம்பியின் கல்லூரிக் கட்டணம், சித்தியின் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் அந்தச் சம்பளத்திலிருந்துதான் போகும். மாதத் தவணை அதை விழுங்குமென்றால் டிசையரே நல்ல வண்டி. ஆசையைக் குறைக்கச் சொல்லும் உபதேசமாக இதைச் சொல்லவில்லை. கடன் வாங்கிப் பெற்ற வண்டியை வங்கி இழுத்துக்கொண்டு போகும் நாளில், ஊர்த் தெருவே திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். அந்தக் காட்சியை யாருக்கும் நாம் தர வேண்டாம்.

பிறகு இருக்கைகள். ஐசோபிக்ஸ் என்ற பொருத்திகள் இந்தக் கார்களில் பின்சீட்டின் இரு ஓரங்களில்தான் இருக்கும். கைக்குழந்தையின் இருக்கை பின்பக்கம் பார்த்தபடி ஓர் ஓரத்தில் இருக்க வேண்டும். காற்றுப்பை உள்ள முன்சீட்டில் அதை ஒருபோதும் வைக்கக் கூடாது. ஐந்து வயதுப் பெண்ணுக்கு உயர்த்தும் இருக்கை நடுவில். அதற்கு நடு இருக்கையில் தோளும் இடுப்பும் சேர்த்துப் பிடிக்கும் மும்முனை பெல்ட் இருக்க வேண்டும். நாம் பார்க்கும் மாடலில் அது இருக்கிறதா என்று கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். மறு ஓரத்தில் ஒரு பெரியவர். 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 1,000 ரூபாய் அபராதம். மடியில் குழந்தையை வைத்துக்கொள்வது பாசமாகத் தெரியும். மோதும் நொடியில் எந்தக் கையாலும் பிடித்துவைக்க முடியாது.

அந்த ஒரு பெரியவர் யார்? செடானில் இறங்கி ஏறுவது அம்மாவின் முழங்காலுக்குக் கஷ்டம். அதிலும் பின்கதவு வழியாகக் குனிந்து நுழைவது இன்னும் கஷ்டம். எஸ்யூவிக்காரர்கள் சொல்வதில் உண்மையிலேயே பொருள் உள்ள வாதம் இது ஒன்றுதான். தீர்வு எளிமையானது. முன்சீட்டின் உயரத்தை ஏற்றி, பின்னால் தள்ளிவைத்தால் அம்மா சுலபமாக ஏறுவார். அப்படியென்றால் பின்னால் உட்கார வேண்டியவர் மாமா. அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ள இரண்டு நாள் ஆனது என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஷோரூமில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஓட்டப்போவது அக்கா. விற்பனையாளர் பேசியதெல்லாம் மாமாவிடம். இன்ஜினைப் பற்றி அக்கா கேட்ட கேள்விகளுக்கு மாமாவின் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். நடுவே, "சொந்த ஊரு எது சார்?" என்றார். மாமா சொன்னார். "அங்க எந்தப் பக்கம்?" என்றார். எந்தப் பக்கம் என்ற கேள்விக்குத் திசைகாட்டும் கருவி பதில் சொல்லாது என்பது நமக்குத் தெரியும். மாமா நிதானமாக, "காலனி" என்றார். அதற்குப் பிறகு அவர் டர்போவைப் பற்றிப் பேசவில்லை. கடன் கிடைக்குமா என்று பேசினார், அடிப்படை மாடலைக் காட்டினார். அக்கா கையை நீட்டி, "சாவி குடுங்க, ஓட்டிப் பார்க்கணும்" என்றாள். பைபாஸ் வரை போய்வந்தோம். திரும்பி வந்தபோது விற்பனையாளர் அக்காவிடம் பேச ஆரம்பித்திருந்தார். இனி அவள் அங்கே வாங்கப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

எஸ்யூவி ஏன் வேண்டாம் என்றேன்? நண்பர்கள் சொல்லும் காரணம் "நம்ம ஊர் ரோட்டுக்கு அதான் சரி." அது உண்மை. ஊர்த் தெருவில் சிமெண்ட் சாலை. அது முடியும் இடத்தில், நம் தெரு தொடங்கும் இடத்தில், குழியும் மண்ணும். அந்தப் பள்ளத்தைத் தாண்ட உயரமான வண்டி வாங்குவது, பஞ்சாயத்து போட வேண்டிய சாலைக்கு நாம் தவணை கட்டுவது போல. ஸ்லாவியாவும் விர்ட்டஸும் தரையிலிருந்து 179 மில்லிமீட்டர் உயரம். மெதுவாகப் போனால் எங்கள் தெருவரை வந்துவிடும். மீதிக்கு மனு எழுதுவோம். கிராமசபையில் எழுந்து நிற்போம்.

இன்னொரு காரணமும் உண்டு. உயரமான முகப்பு, முன்னால் இரும்புக் கம்பி, கண்ணாடி முழுக்கச் சாதிப் பெருமை வாசகம் என்று நம் மாவட்டச் சாலைகளில் வரும் வண்டிகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நடந்துபோகிறவர் மீது மோதினால் அந்தக் கம்பி கொல்லும் என்பதால்தான் 2017இலேயே ஒன்றிய அரசு அதைத் தடுக்கச் சொன்னது. நம் இளைஞர்களில் சிலரும் அதே வண்டியை வாங்கி, அதே கம்பி மாட்டி, வாசகத்தை மட்டும் மாற்றி ஒட்டுகிறார்கள். கோபம் புரிகிறது. ஆனால் தெருவில் நடப்பவரைப் பயமுறுத்த நாமும் கற்றுக்கொள்வதா விடுதலை? அக்காவின் வண்டியில் எந்த ஸ்டிக்கரும் இருக்காது. குழந்தை உள்ளே இருக்கிறது என்று வேண்டுமானால் ஒன்று ஒட்டலாம்.

ஒரு குடும்பம் கார் வாங்குவதால் சாதி ஒழியாது. இதை மறைத்துக் கார் வாங்குவதையே புரட்சி என்று சொல்லும் பேச்சும் நம்மிடையே வந்துவிட்டது. எங்கள் தெருவில் கார் வாங்கக்கூடிய வீடுகள் இரண்டோ மூன்றோ. மற்றவர்களுக்கு இன்றும் பேருந்துதான். அது நிற்காத இடத்தில் குட்டியானை. கரும்பு வெட்டவும், சாவுக்கும், கட்சி மாநாட்டுக்கும் சரக்கு வண்டியில் நின்றுகொண்டு போவதை அவர்கள் விரும்பிச் செய்யவில்லை. 'கர்ணன்' படம் ஒரு பேருந்து நிறுத்தத்துக்காக நடக்கும் போராட்டத்தைக் கதையாக்கியபோது, நம்மில் பலருக்கு அது கதையாகவே படவில்லை. 1997இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் தோழர்களும் வெட்டிக் கொல்லப்பட்டது மாவட்ட ஆட்சியர் அலுவலகம் போய்விட்டு அவர்கள் திரும்பிவந்த பேருந்தை மறித்துத்தான். பொது வாகனம் நமக்குப் பொதுவாக இருந்ததே போராட்டத்தால்தான். 2021 முதல் மகளிருக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்து வந்த பிறகு, எங்கள் தெருப் பெண்கள் திண்டிவனத்துக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். எந்த டர்போவையும்விட அது அதிகப் பேரை நகர்த்தியிருக்கிறது. அந்தப் பேருந்து நம் தெருமுனையில் நிற்க வேண்டும் என்று கேட்பதையும், அக்கா தன் காரில் வருவதையும் எதிரெதிராக நிறுத்த வேண்டாம். கார் வாங்கியவர்கள் பேருந்தைக் கேட்க மறந்தால் மட்டுமே அது எதிராகும்.

அதனால் கார் வாங்கும் தோழர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். பிடித்ததை வாங்குங்கள், கட்ட முடிந்ததை வாங்குங்கள். குழந்தை இருக்கையையும் அம்மாவையும் ஷோரூமுக்கே கூட்டிப்போய் உட்காரவைத்துப் பாருங்கள். வீட்டுப் பெண்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுங்கள். தெருவில் ஒரு பிரசவ வலி, ஒரு பாம்புக் கடி என்றால் எந்த நேரத்திலும் கதவைத் திறங்கள். பேருந்து நிறுத்தத்துக்கான மனுவில் முதல் கையெழுத்தைப் போடுங்கள். வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்தாதீர்கள்.

கடைசி வரியை எழுதுவது எனக்கு எளிது, அம்மாவுக்கு எளிதல்ல. இந்தத் தெருவில் எங்களை வளர்த்தவர் அவர். அவர் பயந்ததால்தான் நாங்கள் உயிரோடு படித்தோம். அதனால் அக்கா அவரிடம் வாதாடவில்லை. "நீ முன்னாடி உட்காரு. புளியமரம் வந்ததும் நிறுத்தட்டுமா, போவட்டுமான்னு நீயே சொல்லு" என்றாள்.

அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் நேற்று போனில் என்னிடம் கேட்டார்: "அந்த முன் சீட்டு கண்ணாடிய நாமளே எறக்கிக்கலாமா?"